காரில் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும்: 25,000 ரூபாயை முதலில் எதில் போடுவது?

கரிசல்காட்டான்

வணக்கம் நண்பர்களே. வேலை நிமித்தம் கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் இடையே நாற்கரச் சாலையில் அடிக்கடி ஓட்டுகிறேன். பழைய ஹேட்ச்பேக், இரண்டாம் கையாக வாங்கியது. கம்பெனி கொடுத்த 7 அங்குலத் தொடுதிரை ஹெட் யூனிட், நான்கு கதவிலும் ஸ்பீக்கர். ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இல்லை, சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான பெரிய ஸ்பீக்கர்) இல்லை.

நான் கேட்பது பெரும்பாலும் 80களின் சினிமாப் பாட்டு, அப்புறம் நாதஸ்வரக் கச்சேரி, வாய்ப்பாட்டு. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஓரளவு பரவாயில்லை. சாத்தூர் தாண்டி 80, 90இல் போகும்போது பாடுபவரின் குரல் உள்ளே அமுங்கிவிடுகிறது. வால்யூமை ஏற்றினால் கதவு டர்ர்ர் என்று அதிர்கிறது, காது களைத்துப் போகிறது. பேஸ் ஏற்றினால் கதவு இன்னும் மோசமாக அதிர்கிறது. ட்ரெபிள் ஏற்றினால் 'ச', 'ஸ' எல்லாம் காதைக் கிழிக்கிறது.

கடையில் கேட்டேன். நான்கு ஸ்பீக்கரையும் மாற்றி, டிக்கியில் 12 அங்குல பேஸ் டியூப் (குழாய் வடிவ சப்வூஃபர்) வைத்து, 4 சேனல் ஆம்ப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். கையில் 25,000 ரூபாய் வரை இருக்கிறது. கடைக்காரர் சொன்ன வரிசை சரிதானா? காரில் பாட்டை நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேஸ்பிரியன்

முதலில் சப்வூஃபர்தான் நண்பரே. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஓடும் காரில் டயர் சத்தமும் ரோட்டுச் சத்தமும் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில்தான் இருக்கிறது, அது பாட்டின் பேஸை மூடிவிடுகிறது. வீட்டு ஹெட்ஃபோனில் சமமாகக் கேட்கும் பாட்டு காரில் சப்பென்று ஆவதற்குக் காரணம் இதுதான். கதவு ஸ்பீக்கரால் அந்த வேலையைச் செய்ய முடியாது. சப் வந்துவிட்டால் கதவு ஸ்பீக்கருக்குச் சுமை குறையும், குரலும் தானாகத் தெளியும்.

ஓம்விதி

பேஸ்பிரியன் சொல்லும் காரணம் உண்மை. ஆனால் அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இரண்டாம் கை கார் என்கிறீர்கள். முந்தைய ஓனர் ஸ்பீக்கரை மாற்றியிருக்கலாம். அதனால் முதலில் ஒரு சோதனை.

கார் நிற்கும்போது, குரலும் பேஸ் கிதாரும் தெளிவாக உள்ள ஒரு பாட்டைப் போடுங்கள். ஃபேடரை, அதாவது முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரிக்கும் செட்டிங்கை, முழுக்க முன்பக்கம் கொண்டுவாருங்கள். பேலன்ஸ் நடுவில் இருக்கட்டும். கொஞ்சம் கேட்டுவிட்டு பேலன்ஸை முழுக்க வலப்பக்கம் தள்ளுங்கள், அப்புறம் முழுக்க இடப்பக்கம். நியாயமாகப் பார்த்தால் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும்போதுதான் பேஸ் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் ஏறினால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன் (அசையும் கூம்பு) வெளியே தள்ளும் நேரத்தில் இன்னொன்று உள்ளே இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து கீழ் ஸ்தாயியைத் தின்றுவிடுகின்றன.

கூடவே ஹெட் யூனிட் செட்டிங்கையும் பாருங்கள். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஈக்வலைசரை மொத்தமாக பூஜ்யத்தில் வையுங்கள். ஃபோனில் ஏதாவது ஈக்வலைசர் ஓடினால் அதையும். இரண்டு இடத்தில் ஏற்றினால் சிக்னல் உச்சியில் வெட்டுப்பட்டு கரகரக்கும். புளூடூத் என்றால் ஃபோன் வால்யூம் ஏறக்குறைய முழுசாக இருக்கட்டும், குறைப்பதும் கூட்டுவதும் காரில் நடக்கட்டும். இதையெல்லாம் செய்துவிட்டு என்ன கேட்டது என்று எழுதுங்கள்.

கரிசல்காட்டான்

ஓம்விதி அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்தேன். இடப்பக்கம் மட்டும் ஓடும்போது பேஸ் தெளிவாகக் கூடுகிறது! நடுவில் வைத்தால் குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை, தலைக்குப் பின்னால் இருப்பதுபோல் இருக்கிறது. எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓம்விதி

டோர் பேடைக் கழற்றி ஸ்பீக்கரின் கப்ளரை (வயர் செருகும் இணைப்பி) எடுத்துவிடுங்கள். சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். இரண்டு சிறிய வயரால் ஸ்பீக்கர் முனைகளை ஒரு நொடி தொட்டு எடுங்கள், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். பேட்டரியின் பிளஸ் தொடும் முனை ஸ்பீக்கரின் பிளஸ் என்றால் கோன் வெளியே வரும். உள்ளே போனால் அது மைனஸ். ஸ்பீக்கரில் அச்சடித்த குறியோடு இதை ஒப்பிட்டு, அப்புறம் கார் வயரின் நிறத்தை வலது, இடது கதவுகளில் பாருங்கள். தலைகீழாகச் சேர்த்திருப்பது எந்தக் கதவு என்று தெரிந்துவிடும். ட்வீட்டரில் (மேல் ஸ்தாயிக்கான சிறிய ஸ்பீக்கர்) இந்தச் சோதனை வேண்டாம். அதற்கு முன்னால் கெப்பாசிட்டர் இருக்கும், கோனும் அசைவது தெரியாது.

கம்பெனி வயரை வெட்டாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் அடாப்டர் கிடைக்கும். வெட்டி டேப் சுற்றிய இணைப்பு மழையில் பச்சை பூத்துவிடும். வாரன்டி உள்ள கார் என்றால் மின் கோளாறு வந்தால் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

கரிசல்காட்டான்

வலது முன் கதவில் மாறியிருந்தது. சரிசெய்துவிட்டேன். ஒரு ரூபாய் செலவில்லாமல் குரல் டேஷ்போர்டுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. மிக்க நன்றி அண்ணா. கதவு அதிர்வு மட்டும் அப்படியே இருக்கிறது. நெடுஞ்சாலையிலும் இன்னும் போதவில்லை.

வைகைக்கரை

எல்லோரும் ஸ்பீக்கரைப் பற்றியே பேசுகிறீர்கள். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே! 80களின் பாட்டு என்றால் அதுதான் முதல் கேள்வி.

இணையத்தில் சுற்றும் பழைய பாட்டுகளில் பாதிக்கு மேல் யாரோ கேசட்டிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்து, குறைந்த பிட் ரேட்டில் (நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) சுருக்கி, வேறொருவர் அதை வீடியோவாக ஏற்றி, மூன்றாமவர் அதிலிருந்து ஆடியோவைப் பிரித்து '320' என்று பெயர் போட்டு வைத்ததுதான். ஒருமுறை தொலைந்த நுணுக்கம் 320இல் சேமிப்பதால் திரும்ப வராது. கணினியில் 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் நறுக்கியதுபோல் வெறுமையாக இருந்தால் அது பெரும்பாலும் 128இலிருந்து ஊதிப் பெரிதாக்கியது. பழைய ஒலிப்பதிவுகளில் மேல் ஸ்தாயி இயல்பாகவே மெலிந்து முடியும், அது வேறு. நேர்கோட்டில் வெட்டினால்தான் சந்தேகம்.

ஒரே பாட்டின் வெவ்வேறு பதிப்புகளையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். சில மறுவெளியீடுகளில் சத்தத்தை ஏற்றுவதற்காக ஏற்ற இறக்கத்தையே நசுக்கியிருப்பார்கள். பழைய சிடியில் தபலாவும் பேஸ் கிதாரும் தனித்தனியாக மூச்சுவிடும், புதியதில் எல்லாம் ஒரே உயரத்தில் நின்று கத்தும். காரில் காது களைப்பதற்கு இது பெரிய காரணம். ஸ்பீக்கரை எவ்வளவு மாற்றினாலும் இது போகாது.

செயலியில் கேட்பவர்கள் செட்டிங்கில் போய் மொபைல் டேட்டாவுக்கான தரத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் 'தானியங்கி' என்று இருக்கும், சிக்னல் குறையும் இடத்தில் தரமும் சத்தமில்லாமல் இறங்கும். பதிவிறக்கத்துக்கான தரம் தனி செட்டிங். அதை உச்சத்தில் வைத்து, வேண்டிய பாட்டுகளை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்புங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒலி அளவு 'லவுட்' என்று இருந்தால் லிமிட்டர் (ஒலியின் உச்சங்களை அமுக்குவது) வேலை செய்யும். 'நார்மல்' போதும், காரில் வால்யூம் திருகு இருக்கிறதே.

ஓம்விதி

மேடம் சொல்வது முழுக்கச் சரி. இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன். புளூடூத் எஸ்.பி.சி. கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) கிடைப்பது சாதாரணமாக அதிகபட்சம் 328 கிலோபிட் அளவு. ஏற்கனவே சுருக்கிய பாட்டை மறுபடி சுருக்கி அனுப்புகிறது. மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேறு வழி இருக்கும்போது எதற்கு? ஃபோனைக் காரின் திரையில் இயக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே இரண்டிலும் பாட்டு கேபிள் வழியாகவே போகிறது. வயர்லெஸ் என்றால் வைஃபையில் போகிறது. புளூடூத் தொடக்க இணைப்புக்கும், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் அழைப்புக்கும்தான். அந்த வசதி உள்ளவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

பென் டிரைவ் இன்றைக்கும் நல்ல வழிதான். பல ஹெட் யூனிட்டுகள் ஃபேட்32இல் ஃபார்மட் செய்ததைத்தான் படிக்கும். 64 ஜிபி டிரைவ் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட்டில் வரும். அது படிக்கவில்லை என்றால் டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எஃப்.எம். ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. மேலாக, மதுரை போன்ற நகரத்தில் காலி அலைவரிசை தேடியே பயணம் முடிந்துவிடும்.

யாழ்பயணி

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் ஓடும் கார்களில் பல ஜப்பானில் பாவித்து இறக்குமதி செய்தவை. அவற்றில் ரேடியோ 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும், புதியவை என்றால் 95 வரை. எங்கள் எஃப்.எம். நிலையங்கள் 108 வரை இருப்பதால் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை ஆன்டெனா வயரில் இடையே பூட்டுவார்கள். அது நிலையங்களைக் கீழே இறக்கித் தருகிறது. மலிவான பெட்டி என்றால் இரைச்சலும் கூடவே வரும். மெனு எல்லாம் ஜப்பானிய மொழியில். எந்த இடத்தில் ஈக்வலைசர், எந்த இடத்தில் ஃபேடர் என்று விளங்காமலே பலர் வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். ஃபோன் கமராவால் திரையை மொழிபெயர்த்துப் பார்த்தால் வேலை சுலபம். சிலவற்றில் நேரத் தாமத செட்டிங்கே உள்ளே இருக்கிறது, திறந்து பார்க்காமல் செட்டை மாற்றிவிடாதீர்கள்.

அண்ணை, கதவு அதிர்வுக்கு என்ன செய்வது என்று யாராவது விபரமாகச் சொன்னால் எனக்கும் உதவியாக இருக்கும்.

நொய்யல்கரை

நான் கோவையில் கார் ஆடியோ பொருத்தும் வேலை செய்பவன். கதவைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. காரில் கதவுதான் பெட்டி. டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள், உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். கோனின் முன்பக்கத்திலிருந்து வரும் ஒலியும் பின்பக்கத்திலிருந்து வருவதும் நேர் எதிரானவை. பின்பக்க ஒலி அந்தத் துளைகள் வழியாக வெளியே வந்து முன்பக்க ஒலியோடு சேர்ந்தால் பேஸ் செத்துவிடும். விரிசல் விட்ட கடத்தில் வாசிப்பது மாதிரி. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரை இந்தக் கதவில் மாட்டினாலும் இதே கதைதான். எங்களிடம் வருபவர்களில் பலர் ஸ்பீக்கரை இரண்டு தடவை மாற்றிவிட்டு, மூன்றாவதாகத்தான் கதவுக்கு வருகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வெளித்தகட்டின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட், 2 மில்லிமீட்டர் கனம். முழுக்க ஒட்டத் தேவையில்லை. பெரிய தகட்டுப் பரப்புகளின் நடுவில், மொத்தத்தில் கால் பங்கு மூடினாலே தகரச் சத்தம் அடங்கிவிடும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள இடத்தை மட்டும் நன்றாக மூடுங்கள். ரோலரால் அழுத்தி, அலுமினியத்தின் மேடு பள்ளம் தட்டையாகும் வரை தேய்க்க வேண்டும். அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும். அப்புறம் உள்தகட்டின் துளைகளை மூட வேண்டும். பெரிய துளையில் வெறும் ஷீட்டை ஒட்டினால் அதுவே தொங்கி ஆடும், பின்னால் ஒரு விறைப்பான பிளாஸ்டிக் பலகை வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி மோட்டார், பூட்டுக் கம்பி பழுதானால் திறக்கும்படியும் விடுங்கள்.

கடைசியாக, கதவுக்குள் ஓடும் லாக் கம்பிகள், வயர் கிளிப்புகள், டோர் பேடின் பின்புறம். டர்ர்ர் சத்தம் பாதி இவற்றிலிருந்துதான் வரும். ஃபெல்ட் டேப் சுற்றினால் போதும், செலவு மிகக் குறைவு.

தார் ஷீட் என்று மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் அது இளகிவிடும், நாற்றம் வரும், கதவின் அடியில் போய் விழும். அடியில் நீர் வடியும் துளைகள் இருக்கும். மழைநீர் கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் இறங்கி அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும். ஸ்பீக்கர் வைக்கும் வளையமும் எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையம் போடுங்கள். ஸ்பீக்கரை முறுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள். ஆழமான ஸ்பீக்கர் என்றால் காந்தத்தில் கண்ணாடி இடிக்கும்.

கரிசல்காட்டான்

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி சார். அப்படியானால் இரண்டு முன் கதவுக்கு மட்டும் டேம்பிங் (அதிர்வை அடக்கும் இந்த வேலை) செய்தால் போதுமா? பின் ஸ்பீக்கரை மாற்றவா?

நொய்யல்கரை

முன் இரண்டு கதவு போதும். பின் ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். கச்சேரியில் பாடகர் உங்கள் முதுகுக்குப் பின்னாலா உட்கார்ந்திருப்பார்? முன்னால் 6.5 அங்குல கம்பொனென்ட் ஜோடி, அதாவது வூஃபர் தனி, ட்வீட்டர் தனி. ட்வீட்டரை டேஷ்போர்டு மூலையில் அல்லது கண்ணாடிக்குப் பக்கத்து முக்கோணத்தில் வைத்தால் குரல் முழங்காலிலிருந்து எழுந்து முகத்துக்கு நேரே வரும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார் என்றால் ஏ-பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) துளை போடவே கூடாது. மஞ்சள் கப்ளர் எங்கே கண்டாலும் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்காதீர்கள்.

பேஸ்பிரியன்

பின் ஸ்பீக்கரே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். வீட்டில் நான்கு பேர் போகிற கார் இது. பின்னால் உட்காரும் அம்மா அப்பாவுக்கும் பாட்டு கேட்க வேண்டாமா? முன் ஸ்பீக்கரை மட்டும் ஏற்றினால் ஓட்டுபவர் காதுதான் கிழியும்.

சப் விஷயத்திலும் நான் சொன்னதில் நிற்கிறேன். கதவை எவ்வளவு அடைத்தாலும் 6.5 அங்குல ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸில் ஓடும் காரின் சத்தத்தைத் தாண்டாது. தவிலின் தொப்பி, மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிதாரின் அடி நாதம் எல்லாம் அங்கேதான் உயிர் வாழ்கிறது.

ஓம்விதி

பின் ஸ்பீக்கரைக் கழற்றச் சொல்லவில்லை, கம்பெனி கொடுத்தது இருக்கட்டும். குடும்பத்தோடு போகும்போது ஃபேடரை நடுவில் வையுங்கள். தனியாகப் போகும்போது முன்னால் தள்ளுங்கள்.

சப் பற்றி பேஸ்பிரியனோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அளவில்தான் வித்தியாசம். காரின் உள்ளறை சிறியது என்பதால் ஏறக்குறைய 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். ஹேட்ச்பேக்கில் இது இன்னும் நல்லது, டிக்கியும் கேபினும் ஒன்றுதான். கரிசல்காட்டான் கேட்கும் பாட்டுக்கு சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குல ஆக்டிவ் சப் தாராளம். உள்ளேயே ஆம்ப் இருக்கும், டிக்கியில் மூட்டை வைக்கும் இடமும் போகாது. டிக்கியில் பேஸ் டியூப் உருட்டிக்கொண்டு ஊருக்கு அரிசி மூட்டை ஏற்ற முடியாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சப் வந்ததும் கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்கு மேல் உள்ளதை மட்டும் விடுவது), சப்புக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ் (கீழ் உள்ளதை மட்டும் விடுவது). அங்கிருந்து 70, 90 என்று நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். பேஸ் காலுக்கு அடியிலிருந்து வருவது தெரியாமல் முன்னாலிருந்து வருவதுபோல் இருந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

வைகைக்கரை

சோதிக்க ஒரு நல்ல ஒலி சொல்கிறேன்: தம்புரா. பாட்டு வேண்டாம், வெறும் தம்புரா சுருதி மட்டும். 1 கட்டையிலும் 5 கட்டையிலும் மாற்றி மாற்றிப் போட்டு வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். கீழிருந்து மேல் வரை அதில் ஸ்வரங்கள் அடுக்கடுக்காக நிற்பதால், எந்தக் கதவு, எந்த பிளாஸ்டிக் கூட அதிர்கிறது என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். தாளம் இல்லாததால் காது ஏமாறாது. அதிரும் இடத்தை ஒருவர் கையால் அழுத்திப் பார்க்கலாம்.

கரிசல்காட்டான்

தம்புரா யோசனை பிரமாதம் மேடம்! க்ளவ் பாக்ஸ் மூடிதான் பெரிய குற்றவாளி என்று தெரிந்தது, அதுவரை கதவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆம்ப் விஷயம் சொல்லுங்கள். ஹெட் யூனிட் பெட்டியில் '50 வாட் × 4' என்று இருக்கிறதே, அது போதாதா? கடையில் காட்டிய ஆம்பில் '2000 வாட்' என்று எழுதியிருந்தது.

ஓம்விதி

இரண்டையும் நம்ப வேண்டாம். ஹெட் யூனிட்டுக்குக் கிடைப்பது 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் கணக்குப் போட்டால் சுத்தமான சைன் அலைக்கு அதிகபட்சம் 26 வாட்தான் வருகிறது. நடைமுறையில் கரகரக்காமல் 18, 20 வாட் கிடைக்கும். ஆம்பிலும் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்ட எண்ணை மட்டும் பாருங்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட ஆம்பின் ஃபியூஸ் உண்மை பேசும். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 13.8 வோல்ட்டில் மொத்தம் 414 வாட்தான் உள்ளேயே போகிறது, அதிலிருந்து 2000 வாட் எப்படி வெளியே வரும்?

ஆனால் 20 வாட் அற்பமும் அல்ல. 90 டெசிபெல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் கேட்கும் சத்தம்) உள்ள ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் கணக்குப்படி 103 டெசிபெல் வருகிறது. பிரச்சினை ஈக்வலைசரில்தான். பேஸை 3 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் இரு மடங்கு வாட் வேண்டும், 10 டெசிபெல் ஏற்றினால் பத்து மடங்கு. அதனால் ஏற்றுவதற்குப் பதில் மிகையாக ஒலிக்கும் இடத்தைக் குறைத்துப் பழகுங்கள்.

கையில் உள்ள தொகைக்கு என் வரிசை: முன் கதவு டேம்பிங், நல்ல சென்சிட்டிவிட்டி உள்ள கம்பொனென்ட் ஜோடி, சீட்டடி சப். ஆம்பும் டி.எஸ்.பி.யும் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) பிறகு பார்க்கலாம்.

சுருதிமானி

டி.எஸ்.பி. என்ற சொல் வந்துவிட்டதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காரில் பாட்டு கேட்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நம் ஊரில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது கதவு வூஃபர் காதிலிருந்து 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள், இடது கதவு 135. வித்தியாசம் 45 சென்டிமீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மில்லி நொடிக்கு 34 சென்டிமீட்டர். வலது ஸ்பீக்கரின் ஒலி 1.3 மில்லி நொடி முன்னால் வந்துவிடுகிறது. அவ்வளவு சிறிய நேரம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எந்தக் காதுக்கு, எந்தத் திசையிலிருந்து முதலில் வந்ததோ அதையே மூளை ஒலியின் இடமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் பாடகர் உங்கள் வலது முழங்காலில் உட்கார்ந்து பாடுகிறார்.

அது மட்டும் அல்ல. 45 சென்டிமீட்டர் என்பது சுமார் 380 ஹெர்ட்ஸுக்குச் சரியாக அரை அலைநீளம். அந்த இடத்தில் இரண்டு பக்க ஒலியும் ஒன்றையொன்று குறைக்கும். குரல் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அடி வாங்குவது குரலின் உடம்புப் பகுதிதான். குரல் மெலிந்து மூக்கால் பாடுவதுபோல் கேட்கும், நாம் ஸ்பீக்கரைத் திட்டுவோம்.

இதற்கு மருந்து, பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதிப்பது. வலது வூஃபருக்கு 1.3 மில்லி நொடி தாமதம் கொடுத்து, அளவை 3 டெசிபெல் போலக் குறைத்தால் குரல் எழுந்து டேஷ்போர்டின் நடுவில் நிற்கும். முதன்முறை கேட்பவர்கள் ஸ்பீக்கரையே மாற்றிவிட்டதாக நினைப்பார்கள். வெளியில் வாங்கும் ஹெட் யூனிட்டுகள் பலவற்றில் 'டைம் அலைன்மென்ட்' உள்ளேயே இருக்கிறது. டேப் எடுத்து காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளந்து போட்டால் முக்கால் வேலை முடிந்தது. இது ஓட்டுபவருக்கு மட்டும்தான் சரியாக இருக்கும், பக்கத்து சீட்டில் இன்னும் மோசமாகும். குடும்பத்தோடு போகும்போது அணைத்துவிட ஒரு பிரீசெட் வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்குக் கார் அளந்து ஒலியமைக்கும் யோசனை புதிதல்ல. போஸ் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து 1983 மாடல் கார்களுக்கே அப்படிச் செய்தது. இன்று அதே வேலையை நாம் வீட்டில் செய்யலாம். ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருள், ஒரு யு.எஸ்.பி. அளவீட்டு மைக் போதும். அளந்து வரும் வரைபடத்தின் கோட்டை மட்டும் முழுக்கத் தட்டையாக்காதீர்கள். தட்டையான கோடு காரில் வறண்டு ஒலிக்கும். ஓட்டத்தில் பேஸ் மூடப்படும் என்று பேஸ்பிரியன் சொன்னது இங்கே பொருந்தும்: கீழ் ஸ்தாயி 6இலிருந்து 10 டெசிபெல் உயர்ந்து, மேலே போகப் போக மெல்லச் சரிய வேண்டும்.

பேஸ்பிரியன்

அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்! டைம் அலைன்மென்ட் நான் முயன்றதில்லை. இன்று மாலையே டேப்போடு உட்காருகிறேன்.

கல்லணைக்காரன்

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். வாடகை வண்டி ஓட்டுகிறேன். ஆக்ஸ் வயரில் பாட்டு போட்டால் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஒரு ஊளைச் சத்தம் ஏறி இறங்குகிறது. கடையில் ஸ்பீக்கர் மாற்றச் சொன்னார்கள்.

ஓம்விதி

ஸ்பீக்கருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை சார். ஃபோன் அப்போது சார்ஜரில் இருக்கிறதா பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால், சார்ஜரின் எர்த்தும் ஆக்ஸின் எர்த்தும் வளையமாகி ஆல்டர்னேட்டர் சத்தத்தைக் கொண்டுவருகின்றன. ஆக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பொருளைச் செருகுங்கள். பேஸ் கொஞ்சம் குறையலாம், ஊளை போய்விடும். அல்லது சார்ஜ் போடும்போது புளூடூத்தில் கேளுங்கள்.

ஆம்ப் உள்ள காரில் இதே சத்தம் வந்தால் ஆம்பின் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட்டின் மேல் போல்ட் முறுக்கியிருப்பார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகட்டில், முடிந்தவரை சிறிய வயரில் முறுக்க வேண்டும். ஆடியோ வயர் ஒரு பக்கமும் பவர் கேபிள் மறுபக்கமும் போகட்டும்.

வைகைக்கரை

எல்லாம் முடிந்தபின் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. நன்றாக அமைந்த செட் கரகரக்காது என்பதால் எவ்வளவு சத்தத்தில் கேட்கிறோம் என்றே தெரியாது. பின்னால் வரும் ஆம்புலன்ஸ் காதில் விழ வேண்டும்.

பொருநைமின்

நான் புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். இன்ஜின் சத்தம் இல்லாததால் டயர் சத்தம்தான் பெரிதாகத் தெரிகிறது. சீட்டடி சப் போடலாமா? பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

நொய்யல்கரை

பெரிய பேட்டரி பக்கமே போகாதீர்கள். ஆரஞ்சு நிற கேபிள் எல்லாம் உயர் மின்னழுத்தம், உயிருக்கே ஆபத்து. மின்சாரக் காரிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, பெரும்பாலும் பானெட்டுக்குள். சப்புக்கான பிளஸ் வயரை அதிலிருந்து எடுங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது சப்பைக் காப்பாற்ற அல்ல, வழியில் வயர் உரசித் தகட்டில் பட்டால் காரைக் காப்பாற்ற. தகட்டைத் தாண்டும் இடத்தில் ஏற்கனவே உள்ள ரப்பர் குரோமெட் வழியாக நுழையுங்கள். முழுச் செம்பு வயரா என்று வெட்டுமுனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம்.

அந்த 12 வோல்ட் பேட்டரியை டி.சி. கன்வெர்ட்டர்தான் சார்ஜ் செய்கிறது. பல மாடல்களில் கார் 'ரெடி' நிலையில் இருந்தால்தான் அது ஓடும். அதனால் நிறுத்திவைத்து வெறும் ஆக்ஸசரியில் நெடுநேரம் பாட்டு கேட்காதீர்கள், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் கிளம்பாது. முன் சீட்டை நகர்த்தும்போது அடியில் உள்ள மஞ்சள் கப்ளரைக் கழற்றாமலே சப் நுழைகிறதா என்று முதலில் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.